மந்திரமா, மன்றாட்டா? சூனியமும் இறைச்சித்தமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றும் தங்கள் வழியை ஆபிரகாமிலிருந்து (இப்ராஹீம் நபியிலிருந்து) தொடங்குவதால் ஆபிரகாமிய மதங்கள் எனப்படுகின்றன. மூன்றுமே சூனியத்தை விலக்குகின்றன. ஏன் விலக்குகின்றன, விலக்கியும் ஏன் அது வாசற்படியிலேயே நிற்கிறது, இன்று தங்களையே 'விட்ச்' (சூனியக்காரி) என்று பெருமையோடு அழைத்துக்கொள்பவர்கள் என்ன நம்புகிறார்கள் என்று என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சூனியம் என்றால் 'என் இஷ்டம்', மதம் என்றால் 'இறைவன் சித்தம்'. வித்தியாசம் இவ்வளவுதானே?

அதில் பாதி உண்மை இருக்கிறது. மந்திரம் செய்பவரின் கணக்கு இது: சரியான சொல்லும் சரியான பொருளும் சரியான நேரமும் கூடினால் காரியம் நடந்தே தீர வேண்டும். ஜெபிப்பவர் கேட்கிறார், கொடுப்பதும் மறுப்பதும் கேட்கப்படுபவரின் உரிமை. கெத்செமனே தோட்டத்தில் இயேசு, இந்தப் பாத்திரம் தன்னைவிட்டு நீங்க வேண்டும் என்று தன் விருப்பத்தை மறைக்காமல் சொல்கிறார். உடனே, 'என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது' என்கிறார் (லூக்கா 22:42). குர்ஆனின் 18ஆம் அத்தியாயம், 'அல்லாஹ் நாடினால்' என்று சேர்க்காமல் 'நாளை இதைச் செய்வேன்' என்று எதைப் பற்றியும் சொல்லக்கூடாது என்கிறது. நம் முஸ்லிம் நண்பர்கள் பேச்சுக்குப் பேச்சு 'இன்ஷா அல்லாஹ்' சேர்ப்பது இதிலிருந்துதான்.

மீதிப் பாதிதான் சிக்கல். ஜெபிக்கிறவர்கள் எல்லோரும் இப்படி விட்டுக்கொடுத்தா ஜெபிக்கிறார்கள்? மந்திரம் செய்கிறவர்கள் எல்லோரும் தெய்வத்துக்கு உத்தரவு போடுகிறார்களா? இரண்டும் இல்லை. அதனால் நான் வேறொன்றைப் பார்க்கிறேன்: கேட்கும் இடத்தில் 'முடியாது' என்ற பதிலுக்கு இடம் விடப்பட்டிருக்கிறதா? இப்படிப் பார்த்தால் சில மந்திரவாதிகள் பக்தர்களின் வரிசையிலும், சில பக்தர்கள் மந்திரவாதிகளின் வரிசையிலும் வந்து நிற்பார்கள்.

'விட்ச்கிராஃப்ட்' என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள்?

மூன்று விஷயங்கள் ஒரே பெயரில் புழங்குகின்றன. முதலாவது, வெறும் குற்றச்சாட்டு. ஐரோப்பாவில் 15 முதல் 18ஆம் நூற்றாண்டு வரை சூனியக் குற்றம் சாட்டிக் கொல்லப்பட்டவர்கள் சுமார் 40,000 முதல் 60,000 பேர் என்பது இன்றைய வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. இவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சூனியமும் செய்தவர்கள் இல்லை. இரண்டாவது, எல்லா ஊரிலும் இருக்கும் நாட்டுப்புற வழக்கம்: தாயத்து, கயிறு, ஓதிய தண்ணீர், கண்ணேறு கழித்தல். மூன்றாவது, 20ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உருவான 'விக்கா' என்ற புதிய மதம். முதல் வகையினரின் துயரத்தை மூன்றாம் வகையினரின் நம்பிக்கையோடு குழப்பினால் இருவருக்கும் அநியாயம் செய்தவர்களாவோம்.

விக்கா முழுக்க முழுக்க 'என் விருப்பமே சட்டம்' என்பதுதானா?

இல்லை. அப்படி ஒரு பேச்சு வந்ததற்குக் காரணம் ஆங்கிலேய மந்திரவாதி அலிஸ்டர் கிரௌலி (1875–1947). கண்டிப்பான பிளிமத் பிரதரன் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்து, அதை உதறிவிட்டு வந்தவர். மனோசக்திக்கு இணங்க மாற்றத்தை உண்டாக்கும் அறிவியலும் கலையுமே மந்திரம் என்று வரையறுத்தார். 1904இல் கெய்ரோவில் தனக்கு அருளப்பட்டதாக அவர் சொன்ன நூலில் 'நீ விரும்புவதைச் செய், அதுவே முழுச் சட்டம்' என்ற வரி வருகிறது. தோன்றியதையெல்லாம் செய் என்பதுபோல அது காதில் விழும். ஆனால் கிரௌலி சொன்னது 'மெய்யான சித்தம்'. ஒவ்வொருவரும் பிறந்ததற்கு ஒரு நோக்கம் உண்டு, அதைக் கண்டுபிடித்து அதற்கு மட்டும் கட்டுப்படு, மற்ற ஆசைகளுக்கு உனக்கு உரிமையே இல்லை என்பது அவர் வாதம். தேவ அழைப்பு என்று கிறிஸ்தவர்கள் சொல்வதற்கு இது எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். வீட்டில் படித்த பாடம் அவரை முழுதாக விடவில்லை என்றே நினைக்கிறேன்.

விக்காவைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர் (1884–1964). லிவர்பூல் பக்கத்தில் பிறந்தவர். இளவயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்து, பிறகு போர்னியோ, மலாயா என்று சுற்றி, 1936இல் சுங்கத்துறை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். மந்திர சக்தி இருப்பதாகப் பாசாங்கு செய்வதைக் குற்றமாக்கிய 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் பிரிட்டனில் நீக்கப்பட்டது. அதன்பின் 1954இல் கார்ட்னரின் நூல் வந்தது. தாம் சொல்வது கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய மதத்தின் தொடர்ச்சி என்றார் கார்ட்னர். இன்றைய ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை.

விக்காவின் முக்கிய விதி, 'யாருக்கும் தீங்கில்லை என்றால் விரும்பியதைச் செய்' என்பது. முதல் பாதியைக் கவனியுங்கள்; அங்கேயே விருப்பத்துக்கு வேலி வந்துவிட்டது. ஒருவரைக் குறிவைத்து வசிய மந்திரம் செய்வது கூடாது என்று பல விக்கா குழுக்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்: இன்னொருவரின் சித்தத்தை அவர் சம்மதமில்லாமல் வளைப்பதே தீங்கு. செய்தது மும்மடங்காகத் திரும்பும் என்றும் பலர் நம்புகிறார்கள். அப்புறம், அவர்களுடைய தேவி வானத்துக்கு அப்பால் உட்கார்ந்திருப்பவள் இல்லை. மண்ணிலும் மரத்திலும் தம் உடம்பிலும் இருப்பவள். எனவே 'என் சித்தமா, தேவியின் சித்தமா' என்ற கேள்வியே அவர்களுக்கு அவ்வளவு கூர்மையாக எழுவதில்லை. யூதரும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் படைத்தவனுக்கும் படைப்புக்கும் நடுவே ஒரு கோடு வைத்திருப்பதால்தான் அந்தக் கேள்வி அங்கே இவ்வளவு உரக்க ஒலிக்கிறது.

அப்படியானால் பழைய மந்திர நூல்கள்? அங்கே ஆவிகளுக்குக் கட்டளைதானே போடுகிறார்கள்?

ஆம், போடுகிறார்கள். ஆனால் யார் பெயரில்? 'சாலமோனின் திறவுகோல்' போன்ற ஐரோப்பிய மந்திர நூல்களைத் திறந்தால் உபவாசமும் குளியலும் விவிலியத்தின் சங்கீதப் புத்தகத்தை ஓதுவதும் கடவுளின் எபிரேயத் திருநாமங்களுமாக இருக்கும். ஆவியை அதட்டுவதற்கு முன்னால் கடவுளிடம் மண்டியிட வேண்டும். மந்திரவாதியின் அதிகாரம் இரவல் அதிகாரம். சபைகள் இதை ஏற்கவில்லை, ஏற்றிருக்கவும் முடியாது. ஆனால் 'கடவுளை மறுத்தவர்களே மந்திரம் செய்தார்கள்' என்ற எண்ணத்துக்கு இந்த நூல்களில் ஆதாரம் கிடைக்காது.

மோசேயும்தான் கோலை நீட்டி அதிசயம் செய்தார். அவர் செய்தால் அற்புதம், எகிப்தியர் செய்தால் மந்திரமா?

நியாயமான கேள்வி. விவிலியத்தின் யாத்திராகமம் இதை ஒளிக்கவில்லை. ஆரோனின் கோல் பாம்பாகிறது. பார்வோனின் மந்திரவாதிகளும் செய்துகாட்டுகிறார்கள். தண்ணீர் இரத்தமாகிறது, அவர்களும் செய்கிறார்கள். தவளைகள் வருகின்றன, அவர்களும் வரவைக்கிறார்கள். பேன்களில்தான் தோற்கிறார்கள். அப்போது அந்த மந்திரவாதிகளே, 'இது தேவனுடைய விரல்' என்கிறார்கள் (8:19). எது வித்தை, எது வித்தைக்கு அப்பால் என்று முதலில் பிரித்துச் சொல்வது அந்தத் தொழில் தெரிந்தவர்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது எண்ணாகமம் 20ஆம் அதிகாரம். ஜனங்கள் தண்ணீருக்குக் கத்துகிறார்கள். கன்மலையைப் பார்த்துப் பேசு என்கிறார் கர்த்தர். மோசே கோலால் இரண்டு தரம் அடிக்கிறார். தண்ணீர் வருகிறது, தாகம் தீர்கிறது. ஆனால் வாக்குத்தத்த தேசத்துக்குள் நீ போகமாட்டாய் என்ற தீர்ப்பு மோசேக்குக் கிடைக்கிறது. நாற்பது வருஷம் அந்த மக்களைச் சுமந்தவருக்கு இது என்ன நியாயம் என்று யாருக்கும் நெஞ்சு துடிக்கும். குற்றம் எது என்பதில் யூத உரையாசிரியர்களிடையே பல கருத்துகள் உண்டு. 13ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராம்பான் சரியென்று கொண்ட விளக்கம், அடிப்பதற்கு முன் மோசே சொன்ன வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறது: 'இந்தக் கன்மலையிலிருந்து நாங்கள் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ?' அந்த 'நாங்கள்' ஜனங்களின் காதில் விழுந்தபோது, மோசேயும் ஆரோனும் தங்கள் சாமர்த்தியத்தால் தண்ணீர் எடுத்தது போல ஆகிவிட்டது என்கிறார். மூன்று மதங்களும் சூனியத்தில் எதைக் கண்டு அஞ்சுகின்றனவோ அது மோசேயின் வாயிலும் ஒரு கணம் வந்திருக்கிறது.

இறைவனை வற்புறுத்தலாமா?

வட்டம் வரைந்த ஹோனியின் கதையைச் சொல்கிறேன். யூதர்களின் மிஷ்னா தொகுப்பில், தானித் பகுதியில் இருக்கிறது. மழை இல்லை. கி.மு. முதலாம் நூற்றாண்டு. ஹோனியிடம் ஜெபிக்கச் சொல்கிறார்கள். முதல் ஜெபத்துக்கு மழை வரவில்லை. தரையில் ஒரு வட்டம் வரைந்து நடுவில் நின்றுகொண்டு, 'உமது பிள்ளைகள் மேல் இரக்கம் காட்டும் வரை இங்கிருந்து நகரமாட்டேன், உமது பெரிய நாமத்தின் மேல் ஆணை' என்கிறார். தூறல் விழுகிறது. 'இதையா கேட்டேன்?' என்கிறார். கொட்டித் தீர்க்கிறது. 'இதையும் கேட்கவில்லை' என்கிறார். பிறகு நல்ல மழை பெய்து, பெய்து, எருசலேம்காரர்கள் ஆலய மலை மேல் ஏறித் தஞ்சம் புகுந்து, போதும் நிறுத்தச் சொல்லுங்கள் என்று அவரிடமே வருகிறார்கள்.

தரையில் வட்டம், திருநாமத்தின் மேல் ஆணை, மிரட்டல்: பார்ப்பதற்கு மந்திரவாதியின் சடங்கேதான். அன்றைய தலைவர் ஷிமோன் பென் ஷேத்தாக் ஆள் அனுப்பிச் சொன்னது: 'நீ ஹோனியாக இல்லாவிட்டால் உன்னைச் சபை விலக்கம் செய்திருப்பேன். என்ன செய்ய, தகப்பனிடம் பிள்ளை அடம்பிடிப்பது போல நீ கடவுளிடம் அடம்பிடிக்கிறாய், அவரும் நிறைவேற்றுகிறார்.' கோபமும் அன்பும் கலந்த பதில். அடம்பிடிக்கும் பிள்ளைக்குத் தகப்பன் 'கிடையாது' என்று சொல்லிவிட முடியும். முதல் ஜெபத்துக்கு மழை வராததே அதற்குச் சாட்சி. இந்த வகை உரிமைப் பேச்சை மிஷ்னா வெட்டி எறியவில்லை, பொது விதியாக்கவும் இல்லை; தலைவரின் சங்கடத்தோடு சேர்த்தே பதிந்துவைத்தது. யூத மரபில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்களில் இது ஒன்று.

சவுல் ராஜா அஞ்சனம் பார்க்கிறவளிடம் போனது ஏன்?

பயம். விவிலியத்தில் 1 சாமுவேல் 28இல் வரும் கதை. அஞ்சனம் பார்க்கிறவர்களையும் குறிசொல்லுகிறவர்களையும் நாட்டைவிட்டுத் துரத்தியவரே சவுல். பெலிஸ்தரின் படை எதிரே நிற்கிறது. கர்த்தரிடம் கேட்கிறார், சொப்பனத்தில் பதில் இல்லை, ஆசாரியரின் ஊரீம் சீட்டு மூலம் இல்லை, தீர்க்கதரிசிகள் மூலமும் இல்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் வேஷம் மாறி, இரவில் எந்தோர் ஊருக்குப் போய், இறந்துபோன சாமுவேலை எழுப்பித் தரக் கேட்கிறார். சாமுவேல் வந்து சொல்வது ஏற்கெனவே சொன்ன தீர்ப்புதான்: ராஜ்யம் போயிற்று, நாளைக்கு நீயும் உன் குமாரரும் என்னோடு இருப்பீர்கள். நிலைமையைக் கைக்குள் கொண்டுவரப் போனவருக்குக் கைக்குள் எதுவும் வரவில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவள் தொழிலைத் தடைசெய்த ராஜா தரையில் விழுந்து கிடக்கிறார், பகலெல்லாம் சாப்பிடவில்லை. அவள் வீட்டிலிருந்த கொழுத்த கன்றுக்குட்டியை அடித்து, மாவு பிசைந்து, புளிப்பில்லாத அப்பம் சுட்டு அவருக்கும் அவர் ஆட்களுக்கும் வைக்கிறாள். வேதம் அவளைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் கதையை முடிக்கிறது. முதலாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் அவளுடைய தயவைப் பாராட்டி எழுதியிருக்கிறார்.

அந்தக் கதைக்கும் சேலம் வழக்குகளுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

நேரடித் தொடர்பு. இது நம் சேலம் அல்ல, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ். 1692இல் சிறுமிகள் சிலர் துடித்து விழுந்து, இன்னின்னாரின் உருவம் வந்து எங்களைக் கிள்ளுகிறது, குத்துகிறது என்றார்கள். குற்றம் சாட்டப்பட்டவர் அந்த நேரத்தில் தன் வீட்டில் இருந்திருக்கலாம். அவர் 'உருவம்' வந்ததே சாட்சி என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. இதற்குக் கீழே இருந்தது இறையியல். ஒரு நிரபராதியின் உருவத்தை எடுத்துக்கொள்ளச் சாத்தானைக் கடவுள் அனுமதிப்பாரா? அனுமதிக்கமாட்டார் என்றால் உருவம் தெரிந்த ஆள் குற்றவாளிதான். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் இந்தப் பக்கம் நின்றார்.

விசாரணையில் நிறுத்தப்பட்டவர்களில் சுசன்னா மார்ட்டின் என்ற வயதான விதவை ஒருவர். உன் உருவம் எப்படி வந்து இவர்களை வதைக்கிறது என்று கேட்டபோது அவர் எந்தோர் கதையைத் திருப்பிக் கொடுத்தார்: மகிமையடைந்த பரிசுத்தவானாகிய சாமுவேலின் உருவத்தில் வந்தவன் யாருடைய உருவத்திலும் வரலாம். அதாவது, எந்தோரில் வந்தது சாமுவேல் அல்ல, சாமுவேல் வேஷத்தில் சாத்தான். சாமுவேலுக்கே அந்த அவமானத்தைக் கடவுள் அனுமதித்தார் என்றால், எனக்கு ஏன் அனுமதித்திருக்கக்கூடாது? ஜூலை 19இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அக்டோபரில் போதகர் இன்க்ரீஸ் மேதர் உருவச் சாட்சியத்தை எதிர்த்து எழுதியபோது கையில் எடுத்ததும் அதே எந்தோர் வாதம்தான். படித்த போதகர் சொன்னபோது எடுபட்டது. அதே மாதம் ஆளுநர் பிப்ஸ் அந்தத் தனி நீதிமன்றத்தைக் கலைத்தார். அதற்குள் 19 பேர் தூக்கிலிடப்பட்டிருந்தார்கள். வாய் திறந்து வாதாட மறுத்த ஜைல்ஸ் கோரியைக் கல் ஏற்றி நசுக்கிக் கொன்றிருந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். பொய் சொல்லமாட்டேன் என்று நின்றவர்கள் செத்தார்கள். இந்த வரியை எழுதும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது.

1697 ஜனவரியில் நீதிபதிகளில் ஒருவரான சாமுவேல் சூவல், பாஸ்டன் தேவாலயத்தில் எல்லோர் முன்னும் எழுந்து நின்றார். தன் குற்றத்தையும் வெட்கத்தையும் தானே ஏற்பதாக அவர் எழுதித் தந்ததைப் போதகர் வாசித்தார். அதற்கு முன் தன் குழந்தைகளைப் பறிகொடுத்திருந்த சூவல், அதைக் கடவுளின் கண்டிப்பாகவே எடுத்துக்கொண்டார். பிறர் மேல் பழி போட்ட அதே இறையியல் இங்கே ஒருவரைத் தன்னையே பார்க்கவைத்தது.

இறைவன் அனுமதி இல்லாமல் சூனியம் பலிக்குமா?

மூன்று மதங்களும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொல்கின்றன: பலிக்காது. குர்ஆன் 2:102 பாபிலோனில் ஹாரூத், மாரூத் என்ற இரு வானவர்களைப் பற்றிச் சொல்கிறது. மக்கள் அவர்களிடம் கணவன் மனைவியைப் பிரிக்கும் வித்தையைக் கற்றார்கள்; ஆனால் அல்லாஹ்வின் அனுமதியின்றி அதைக்கொண்டு எவருக்கும் தீங்கு செய்ய அவர்களால் முடியாது என்கிறது அதே வசனம். யூதர்களின் சட்ட விளக்கத் தொகுப்பான தால்மூதில் ஒரு பெண் ரப்பி ஹனினாவின் காலடி மண்ணை எடுத்துச் சூனியம் வைக்கப் பார்க்கிறாள். எடுத்துக்கொள், உன்னால் ஆகாது, 'அவரைத் தவிர வேறொருவரும் இல்லை' என்று எழுதியிருக்கிறது என்கிறார் அவர். உடனே தால்மூதே குறுக்கிடுகிறது: சூனியம் மேலுலகின் தீர்ப்பையே மறுக்கும் என்று இன்னொருவர் சொன்னாரே? அதற்குப் பதில், ஹனினாவின் புண்ணியம் பெரிது, அவர் கதை வேறு. அந்தப் பெரியவர்களுக்கும் உள்ளூரப் பயம் இருந்திருக்கிறது.

கிறிஸ்தவ ஐரோப்பாவில் இதே கொள்கை விபரீதமாகப் போயிற்று. 1486இல் ஹைன்ரிக் கிராமர் எழுதிய சூனிய வேட்டைக் கைநூல், சூனியத்துக்கு மூன்று வேண்டும் என்றது: சாத்தான், சூனியக்காரி, கடவுளின் அனுமதி. முதலாமவனைப் பிடிக்க முடியாது, மூன்றாமவரைக் கேள்வி கேட்க முடியாது. கைக்கு எட்டியது நடுவில் இருந்தவள்தான்.

இதைச் சில புராட்டஸ்டண்டுப் போதகர்களே கண்டித்தார்கள். இங்கிலாந்தின் ஜார்ஜ் கிஃபர்ட் 1593இல், மாடு செத்தால் பக்கத்து வீட்டுக் கிழவியைத் தேடுகிறீர்கள், யோபுவைப் பாருங்கள் என்ற பொருளில் எழுதினார். யோபுவின் மாடுகளையும் ஆடுகளையும் பிள்ளைகளையும் பறித்தது சாத்தான்தான் என்று வாசகருக்குத் தெரியும். யோபுவோ 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்கிறான். எந்தக் கிழவியின் பெயரும் அவன் வாயில் வரவில்லை.

எல்லாம் விதிப்படி என்றால் மருந்து எதற்கு, பூட்டு எதற்கு?

முஸ்லிம் வாசகர்கள் அதிகம் கேட்பது இது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்பட்டுமா, அவிழ்த்துவிட்டு நம்பட்டுமா என்று கேட்டவருக்கு, 'கட்டிவிட்டு நம்பு' என்று நபிகள் நாயகம் சொன்னதாக நபிமொழித் தொகுப்பாளர் திர்மிதி பதிவுசெய்திருக்கிறார்.

இதைவிட ஆழமானது கலீஃபா உமரின் பயணம். சிரியாவுக்குப் போகும் வழியில், சர்கு என்ற இடத்தில், சிரியாவில் கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி வருகிறது. பெரியவர்களைக் கலந்துகொண்டு திரும்பிவிட முடிவுசெய்கிறார். தளபதி அபூ உபைதா, 'அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள்?' என்று கேட்கிறார். உமரின் பதில்: 'ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே ஓடுகிறோம்.' ஒரு பக்கம் பசுமையும் ஒரு பக்கம் வறட்சியுமான பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படிதானே என்றும் கேட்டார். அபூ உபைதா சிரியாவில் தன் ஆட்களோடு இருந்து அதே நோயில் இறந்தார். இருவரையும் இஸ்லாமிய மரபு மதிக்கிறது. திரும்பியவரைக் கோழை என்றோ, தங்கியவரை அறிவிலி என்றோ யாரும் சொல்வதில்லை.

தத்துவமாக இதை அவிழ்க்கப் பலர் முயன்றார்கள். செயலைப் படைப்பவன் அல்லாஹ், அதை ஈட்டிக்கொள்பவன் மனிதன் என்றார் 10ஆம் நூற்றாண்டின் இஸ்லாமிய இறையியலாளர் அஷ்அரீ. யூத ரப்பி அகிவா, எல்லாம் முன்னறியப்பட்டிருக்கிறது, ஆனாலும் உரிமை கொடுக்கப்பட்டிருக்கிறது என்று முடித்துக்கொண்டார். கிறிஸ்தவத்தில் மனித விருப்பமா, தேவ கிருபையா என்று அகுஸ்தீனும் பெலாஜியஸும் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு உமர் போதும்.

தாயத்து, ஓதிய தண்ணீர், ஜெப எண்ணெய்: இவை எந்தப் பக்கம்?

இங்கேதான் மூன்று மதங்களும் தங்களுக்குள்ளேயே பிரிகின்றன. தாயத்து தொங்கவிட்டவன் அல்லாஹ்வுக்கு இணைவைத்தான் (நிகராக வேறொன்றை வைத்தான்) என்று ஒரு நபிமொழி. இணைவைப்பு இல்லாதவரை ஓதிப்பார்ப்பதில் குற்றமில்லை என்று இன்னொன்று. தாயத்தில் இருப்பது குர்ஆன் வசனம் மட்டுமே என்றால் ஆகுமா என்பதில் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) இன்றும் ஒத்துப்போகவில்லை.

யூதர்களில் மைமோனிடஸ் (1138–1204) மிகக் கறார். காயத்தின் மேல் வேத வசனத்தை மந்திரமாக ஓதுகிறவன் தோராவை (யூத வேதத்தை) உடம்புக்கு மருந்தாக்கிவிட்டான், அது ஆத்துமாவுக்கு மருந்து என்றார். ஆனால் அவர் வைத்தியரும்கூட. தேளோ பாம்போ கடித்தவனுக்குக் கடிவாயில் மந்திரம் ஓதலாம், ஓய்வு நாளானாலும் சரி என்று அனுமதிக்கிறார். அதனால் ஒரு பலனும் இல்லை. உயிர் ஆபத்தில் இருப்பவனின் மனம் கலங்கிவிடக்கூடாது என்பதற்காக மட்டும்.

கேட்டதெல்லாம் நடக்கும் என்று விசுவாசத்தோடு அறிக்கையிடச் சொல்கிறார்களே, அது ஜெபம்தானே?

பெயர் ஜெபம். அமைப்பு வேறு. அமெரிக்காவில் ஈ. டபிள்யூ. கென்யன் எழுதியதை வைத்து கென்னத் ஹேகின் (1917–2003) போன்றவர்கள் பரப்பிய போதனை இது: சுகம் உனக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது, வாயால் அறிக்கையிட்டுப் பெற்றுக்கொள். 'உமக்குச் சித்தமானால்' என்று சேர்ப்பது அவிசுவாசம் என்று கற்பிக்கிறவர்களும் உண்டு. அப்படியென்றால் கெத்செமனே ஜெபத்தை என்ன செய்வது? சரியான சொல்லைச் சரியாகச் சொன்னால் விளைவு உறுதி என்று வந்துவிட்டபின் அங்கே கேட்கப்படுபவர் என்று ஒருவர் மிச்சமில்லை. என் அளவுகோலில் இது, சம்மதம் கேட்கும் விக்கா பெண்ணின் சடங்கைவிட மந்திரத்துக்கு நெருக்கம்.

இதில் நான் கடுமையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. குணமாகவில்லை என்றால் பழி நோயாளி மேல் விழுகிறது. உனக்கு விசுவாசம் போதவில்லை என்பதைப் புற்றுநோய்ப் படுக்கையில் கிடப்பவர் கேட்க வேண்டியிருக்கிறது. இறைவன் மறுக்கலாம் என்று விட்டுவைத்த மரபுகள் அந்தக் கொடுமையைச் செய்யவில்லை.

எங்கள் வீட்டில் ஒருவர், தனக்கு யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று நம்புகிறார். என்ன சொல்வது?

முதலில் சிரிக்காதீர்கள். அவருடைய பயம் நிஜம். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மனநல மருத்துவரும் மருத்துவர்தான். தன் மத வழக்கப்படி ஓதவோ ஜெபிக்கவோ விரும்பினால் தடுக்க வேண்டாம், மைமோனிடஸே தடுக்கவில்லை. ஆனால் மருந்தை நிறுத்தச் சொல்கிறவர், பணம் கேட்கிறவர், அடிக்கிறவர், கட்டிவைக்கிறவர் யாராக இருந்தாலும் வீட்டுக்குள் விடாதீர்கள்.

அப்புறம், 'யார் வைத்தது' என்ற கேள்விக்குப் பதில் தேடி யாரிடமும் போகாதீர்கள். புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு நபிமொழி. லபீத் என்பவன் சீப்பையும் முடியையும் கிணற்றில் போட்டு நபிகள் நாயகத்துக்கே சூனியம் வைத்ததாக அது சொல்கிறது. (பகுத்தறிவை முன்னிறுத்திய பழைய இஸ்லாமியச் சிந்தனைப் பிரிவினரான முஃதஸிலாக்கள் உள்ளிட்ட சிலர் இச்செய்தியை ஏற்பதில்லை.) அதை வெளியே எடுத்துக் காட்டக்கூடாதா என்று நபிகளின் மனைவி ஆயிஷா கேட்கிறார். செய்த ஆள் யார் என்று நபிகளுக்குத் தெரியும், ஊரே நபிகளின் பேச்சைக் கேட்கும். அல்லாஹ் என்னைக் குணமாக்கிவிட்டான், மக்களிடையே தீமையைக் கிளப்பிவிட நான் விரும்பவில்லை என்று நபிகள் சொல்லிவிட்டார். கிணற்றை மூடிவிட்டார்கள்.